பாடம் 6: மலைக்கு மேற்கே ஒரு பழங்கோயில் பயணம்

(உரைநடை – பயணக் கட்டுரை)

நுழையும் முன்

பழைய கோயில் ஒன்றுக்குச் செல்வோர் பலவற்றைக் காண்பர். சிலர் இறைவனை வணங்குவர். சிலர் சிற்பங்களை வியப்பர். சிலர் நிழலில் அமர்ந்து இளைப்பாறுவர். கோயிலைப் படிக்கவும் இயலும் என்பதைப் பலர் அறியார். கல்லிலும் செம்பிலும் நம் முன்னோர் எழுதிவைத்தவற்றைத் தேடி, வித்துராவிலிருந்து தெற்கே சென்ற ஒரு பயணத்தை இப்பாடம் விவரிக்கிறது. படிக்கும்போது, நீங்கள் வாழும் ஊருக்கு அருகிலுள்ள பழங்கோயில் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு வினா

நான் பிறந்த ஊர் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, அம்பாசமுத்திரத்துக்கு அருகில் உள்ளது. அங்கே மாலை வேளையில் கதிரவன் மலைக்குப் பின்னால் மறைவான். பணியின் பொருட்டு நான் வந்து சேர்ந்த வித்துராவோ அதே மலைத்தொடருக்கு மேற்கே இருக்கிறது. இங்கே கதிரவன் காலையில் மலைக்குப் பின்னிருந்து எழுகிறான். மலை ஒன்றே; நாம் நிற்கும் இடம்தான் வேறு. பொதிகை என்று நாமும், அகஸ்தியர்கூடம் என்று இவ்வூராரும் சொல்லும் 1,868 மீட்டர் உயரமுள்ள சிகரம், கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் எல்லையில் நிற்கிறது.

என் விருப்பத் தமிழ் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் இருந்தனர். சிலருடைய பெற்றோர் நடுவண் அரசுப் பணியாளர்கள். சிலருடைய தாத்தா பாட்டியர் பொன்முடி, போனக்காடு ஆகிய தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க வந்தவர்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும் என நான்கு மொழிகளுக்கு நடுவே அவர்கள் வளர்ந்தனர்.

ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், இது மலையாள நாடு. இங்கே பெயர்ப்பலகையில் தமிழ் இல்லை. பேருந்திலும் தமிழ் இல்லை. இவ்வூருக்குத் தொடர்பில்லாத மொழியை இங்கே இருந்துகொண்டு ஏன் படிக்க வேண்டும்? அடுத்த ஆண்டு வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறேன்" என்றாள்.

அவள் கேட்டதில் தவறில்லை. உடனே விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லாரும் பழங்கோயில்களைப் பார்க்கப் போவோம். பார்த்துவிட்டு வந்து நீயே முடிவு செய்" என்றேன்.

2. எல்லைக்கு அப்பால்

விடியற்காலையில் வேனில் புறப்பட்டோம். ஆரியநாடு, காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகச் சென்று களியக்காவிளையை அடைந்தோம். அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்குகிறது. பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறியதைக் கண்ட பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர்.

"இந்த எல்லை எப்போது வந்தது, தெரியுமா?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டன. அதுவரை திருவிதாங்கூர் நாட்டிலும், பின்னர்த் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் இருந்த அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்று கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் இணைந்தன. வித்துரா அடங்கிய நெடுமங்காடு கேரளத்தில் நின்றது. நாங்கள் காணச் சென்ற கோயில்களோ, இந்த எல்லை தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்தவை.

3. சிதறால் மலையில் ஓர் ஆசிரியை

மார்த்தாண்டத்திலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள சிற்றூர் சிதறால். ஊருக்கு மேலே உள்ள குன்றின் பழம்பெயர் திருச்சாரணத்து மலை. கற்பாவிய பாதை வழியே வெயில் ஏறுமுன் மேலே சென்றோம். உச்சியை நெருங்கியதும் இரண்டு பெரும்பாறைகளுக்கு இடையே குறுகிய வழி ஒன்று வந்தது. அதைக் கடந்ததும் பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் தெரிந்தன. ஓர் உருவத்தின் தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்து நின்றது, அவர் பார்சுவநாதர். மற்றோரிடத்தில் சிங்கத்தோடு நிற்கும் அம்பிகை இயக்கியைக் கண்டோம்.

சமண முனிவர் தங்கிய இம்மலை, 13ஆம் நூற்றாண்டளவில் பகவதி கோயிலாக மாறியது. தீர்த்தங்கரர் உருவங்கள் அழிக்கப்படவில்லை. ஒரே பாறையின் நிழலில் இரு சமயங்களின் தடங்களும் உள்ளன. இன்று இவ்விடம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இங்குள்ள பாறையில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆய் மரபைச் சேர்ந்த விக்கிரமாதித்த வரகுணன் என்னும் அரசனின் 28ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. அதாவது ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முந்தையது. அரிட்டநேமி படாரர் என்னும் சமண முனிவரிடம் பயின்ற குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர், இம்மலைப் படாரியாருக்குப் பொன் அணிகள் வழங்கினார் என்பது அதன் செய்தி.

"குரத்தி என்றால் என்ன பொருள், டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"குரவர் என்றால் ஆசிரியர். குரத்தி என்பது அதன் பெண்பால். சமய ஆசிரியையாக விளங்கிய பெண்துறவி என்று பொருள்."

பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தனர். "அப்படியானால் நீங்களும் குரத்திதானே!" என்றான் அவன். நானும் சிரித்தேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பெண் ஆசிரியை இருந்தார் என்பதையும், அவருடைய பெயரையும், அவர் கொடுத்த கொடையையும் இப்பாறை ஒன்றே நமக்குச் சொல்கிறது.

அங்கே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று ஒரு பையன் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்தான். நான் தடுத்தேன். கல்வெட்டின் மேல் சாக்குக்கட்டியால் தேய்ப்பதும் எண்ணெய் தடவுவதும் எழுத்தைக் கெடுக்கும். கல்வெட்டு ஆய்வாளர்கள் வேறு முறையைக் கையாள்வர். முதலில் கல்லைத் தூய்மை செய்வர். பின்னர் ஈரத் தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் மெல்ல அடிப்பர். தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் பதியும். அதன் பிறகு மையை ஒற்றினால் மேட்டுப்பகுதி கருப்பாகவும், எழுத்து வெள்ளையாகவும் தாளில் விழும். இதற்கு மைப்படி என்று பெயர். மைப்படி எடுக்கப்படாத கல்வெட்டின்மீது திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பு பூசினாலோ, கல்லைத் தேய்த்து மெருகேற்றினாலோ, அதில் இருந்த செய்தி என்றென்றைக்கும் போய்விடும்.

4. ஆற்றங்கரையில் ஒரு கணக்கு

நண்பகலில் குழித்துறைக்கு வந்து தாமிரபரணி ஆற்றின் கரையில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். என் ஊர் வழியாகக் கிழக்கே ஓடும் தாமிரபரணி வேறு. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் இந்த ஆறு வேறு. பெயர் ஒன்று, மலைத்தொடரும் ஒன்று.

மாலையில் காணவிருந்த கோயிலைப் பற்றி அங்கேயே சொல்லத் தொடங்கினேன். "நாம் போகும் ஊர் பார்த்திவபுரம். பழம்பெயர் பார்த்திவசேகரபுரம். அங்குள்ள திருமால் கோயிலைக் கட்டியவன் கருநந்தடக்கன் என்னும் ஆய் மன்னன். பொதியில் மலைப்பகுதியை ஆண்ட ஆய் அண்டிரனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த ஆய் மரபில் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவன் இவன். அவன் வெளியிட்ட செப்பேடு திருவனந்தபுரத்து ஹசூர் கச்சேரியில் இருந்தமையால், அதை ஹசூர் கச்சேரிச் செப்பேடு என்பர். திருவிதாங்கூர்த் தொல்லியல் துறைக்குத் தலைமை தாங்கிய கோபிநாத ராவ் அதைப் படித்துப் பதிப்பித்தார்."

"எந்த ஆண்டில் எழுதியது?"

"அதை நீங்களே கணக்கிடுங்கள். கலியுகம் தொடங்கியது முதல் எத்தனை நாள் சென்றன என்பதைச் செப்பேடு சொல்கிறது. 14,49,087 நாள். கலியுகம் கி.மு. 3102இல் தொடங்கியதாகக் கொள்வது மரபு."

உணவுப் பொட்டலத் தாளின் பின்புறத்தில் பென்சில்கள் ஓடின. ஓர் ஆண்டுக்கு 365¼ நாள் என வகுத்தபோது 3,967 ஆண்டுகளும் ஏறத்தாழ 140 நாள்களும் வந்தன. கி.மு. 1ஐ அடுத்து நேராகக் கி.பி. 1 வருவதால், 3,967இலிருந்து 3,101ஐக் கழிக்க வேண்டும். வினா எழுப்பிய மாணவிதான் முதலில் நிமிர்ந்தாள்.

"866, டீச்சர்!"

சரியான விடை. கி.பி. 866. தொடக்க நாள் பிப்ரவரியில் வருவதால், அதிலிருந்து 140 நாள் தள்ளினால் சூலை மாதமும் கிடைக்கிறது. அரசன் பெயரும் ஆண்டும் மட்டுமன்றி நாளும் இவ்வளவு துல்லியமாகத் தெரியும் ஆவணங்கள் அக்காலத்தில் மிகச் சில.

5. பார்த்திவபுரத்துச் சாலை

முஞ்சிறைக்கு அருகே தென்னந்தோப்புகளுக்கும் குளத்துக்கும் இடையே அமைந்த சிற்றூர் பார்த்திவபுரம். மாலையில் நடை திறக்கும்வரை மதிலுக்கு வெளியே அமர்ந்தோம். "நடை திறத்தல் என்று தமிழிலும் சொல்வார்களா? இது மலையாளம் என்றல்லவா நினைத்தேன்!" என்றாள் ஒருத்தி. நடை மட்டுமா? அம்பலம் என்னும் சொல்லை மலையாளத்தார் கோயிலுக்கு வழங்குகின்றனர். தமிழிலோ அது பலர் கூடும் பொதுவிடத்தைக் குறிக்கும். பலிக்கல், விளக்கு, திருமுற்றம் என இரு மொழிகளுக்கும் பொதுவான சொற்களைப் பிள்ளைகள் தேடித் தேடிச் சொன்னார்கள்.

எங்கள் குழுவில் பல சமயத்துப் பிள்ளைகளும் இருந்தனர். வழிபட விரும்பியோர் கோயில் முறைப்படி உள்ளே சென்றனர். ஏனையோர் வெளியிலிருந்தே கட்டட அமைப்பைப் பார்த்துக் குறிப்பெழுதினர். பின்னர் எல்லாரையும் ஒருங்கே அமர்த்திச் செப்பேட்டின் செய்தியைச் சொன்னேன்.

கோயிலுக்கு வேண்டிய நிலம் முஞ்சிறைச் சபையாருக்கு உரியதாக இருந்தது. அரசன் அதைப் பறித்துக்கொள்ளவில்லை. வேறு நிலத்தை மாற்றாகக் கொடுத்துப் பெற்றான். அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான்.

"கோயிலுக்குப் போகும் ரோடா?" என்று ஒருவன் கேட்டான்.

"அன்று. இன்று சாலை என்றால் பெருவழி. இங்கே அது கல்விக்கூடம். பாடசாலை என்கிறோமே, அதில் அப்பொருள் இன்னும் ஒட்டியிருக்கிறது. இங்கே 95 மாணவர்களுக்கு உணவும் உறையுளும் தந்து படிக்க வைத்தனர். வேதப் பிரிவின் அடிப்படையில் 45, 36, 14 என இடங்கள் பகுக்கப்பட்டன. சேர விரும்புவோர் இலக்கணம் அறிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறைகளையும் அறிந்திருக்க வேண்டும். திருவனந்தபுரத்துப் பகுதியில் இருந்ததாகக் கருதப்படும் காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு இதை அமைத்தனர். மாணவர் ஒழுகவேண்டிய விதிகளும் செப்பேட்டில் உள்ளன."

"விடுதியோடு கூடிய பள்ளி!" என்று பிள்ளைகள் வியந்தனர். அம்மாணவி மட்டும் வியக்கவில்லை.

"அந்த 95 பேரில் எங்களைப் போன்றவர்கள் இருந்திருப்பார்களா, டீச்சர்?"

அவள் குடும்பம் கல்குளம் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்க வந்த குடும்பம். அவளுக்குப் பொய் சொல்ல நான் விரும்பவில்லை.

"இல்லை. அது வேதம் ஓதும் அந்தணப் பிள்ளைகளுக்கான இடம். பெண்களுக்கும் அங்கே இடமில்லை. பள்ளி மட்டுமன்று, கோயிலும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. திருவிதாங்கூர் அரசர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேச விளம்பரத்தை வெளியிட்டார். அதன் பிறகே, ஒதுக்கப்பட்ட சாதியினர் அரசின் கோயில்களுக்குள் நுழைய முடிந்தது. அதற்காகப் பல்லாண்டு போராடியோர் பலர்."

அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "எங்கள் பாட்டியின் அம்மா மதிலுக்கு வெளியே நின்றே கும்பிடுவாராம். பாட்டி சொல்லியிருக்கிறார். எந்தக் கோயில் என்று நான் கேட்டதில்லை" என்றாள்.

"கேட்டு எழுதிக்கொண்டு வா. செப்பேட்டில் இல்லாத செய்தி அது. நீ எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?" என்றேன்.

6. திரும்பும் வழி

இருட்டிய பிறகு வித்துராவை நோக்கித் திரும்பினோம். வழியில் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று சொன்னேன். கருநந்தடக்கன் காலத்தில் இப்பகுதியில் தமிழை எழுதப் பெரிதும் வழங்கியது வட்டெழுத்து. எழுத்து மாறிவிட்டது, மலையாளம் தனிமொழியாக வளர்ந்து செழித்தது, நாடுகளின் எல்லையும் மாறியது. ஆயினும் அச்செப்பேட்டின் மொழியைக் கற்க விரும்புவோர் தொடங்க வேண்டிய இடங்களுள் நம் விருப்பத் தமிழ் வகுப்பும் ஒன்று. அன்று சாலையில் இடம் பெற்றோர் 95 பேர். இன்று அச்சாலையின் வரலாற்றைப் படிக்க, இன்னார் என்ற தடை யாருக்கும் இல்லை. மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் கொள்ளுப்பேத்தியும் அதைப் படிக்கலாம். அதில் விடுபட்டது எது என்றும் கேட்கலாம்.

திங்கட்கிழமை அம்மாணவி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். பாட்டி சொன்ன ஊர்ப்பெயரும், கோயிற்பெயரும், பாட்டியின் தாய் நின்று கும்பிட்ட ஆலமரமும் அதில் இருந்தன. பாட்டியின் பேச்சை அப்படியே தமிழில் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகள் ஒன்பது. அவற்றைச் சிவப்பு மையால் திருத்தவில்லை. பென்சிலால் மெல்லக் குறித்துக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு எந்தப் பாடத்தை எடுக்கப் போகிறாள் என்று நானும் கேட்கவில்லை.

சொற்பொருள்

உறையுள் – தங்குமிடம்
குரத்தி – ஆசிரியை, சமணப் பெண்துறவி
குரவர் – ஆசிரியர், பெரியோர்
சாலை – (பழைய பொருள்) கல்விக்கூடம். (இன்றைய பொருள்) பெருவழி
செப்பேடு – செப்புத் தகட்டில் பொறித்த ஆவணம்
படாரர், படாரியார் – வணக்கத்துக்குரியவர். சமணப் பெரியோரையும் தெய்வத்தையும் குறிக்கும்
மைப்படி – கல்வெட்டை மையொற்றித் தாளில் எடுக்கும் படி
வட்டெழுத்து – தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறை

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. கன்னியாகுமரி மாவட்டம் எந்த நாளில், எந்தெந்தத் தாலுகாக்களைக் கொண்டு அமைந்தது?
2. சிதறால் கல்வெட்டில் இடம்பெறும் ஆசிரியை யார்? அவர் செய்த கொடை யாது?
3. கல்வெட்டின்மேல் சாக்குக்கட்டியால் தேய்க்கலாகாது. ஏன்?
4. கோயிலுக்கான நிலத்தைக் கருநந்தடக்கன் எவ்வாறு பெற்றான்?

ஆ. கணக்கிட்டு எழுதுக.

14,49,087 நாள்களை ஆண்டுகளாக மாற்றி, செப்பேட்டின் ஆண்டு கி.பி. 866 என்பதைப் படிப்படியாக நிறுவுக.

இ. சொல்லின் பயணம்

சாரணர் என்னும் சொல் பழந்தமிழில் சமண முனிவருள் ஒரு பிரிவினரைக் குறித்தது. உங்கள் பள்ளியில் இச்சொல்லை இன்று எந்த இயக்கத்துக்கு வழங்குகிறீர்கள்? இதுபோல் பொருள் மாறிய சொற்கள் மூன்றனை எழுதுக. தமிழிலும் மலையாளத்திலும் (அல்லது நீங்கள் வாழும் பகுதியின் மொழியிலும்) வழங்கும் பொதுச் சொற்கள் ஐந்தனைத் தொகுக்க.

ஈ. சிந்தித்து எழுதுக.

"செப்பேட்டில் இல்லாத செய்தி அது." ஆசிரியர் இவ்வாறு கூறக் காரணம் யாது? ஆவணங்களில் இடம்பெறாதோர் வரலாற்றை நாம் எவ்வாறு அறியலாம்? பத்து வரிகளில் எழுதுக.

உ. செயல்பாடு

உங்கள் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவருடைய சொந்த ஊர்க் கோயிலையோ, வேறு பொதுவிடத்தையோ பற்றிக் கேளுங்கள். அவர் கண்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியாகப் பிரித்து, அவர் பேச்சிலேயே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்.